ஆணி அடிக்க ஒரு வீடு

"ஒத்திக்கு விட்டா என்ன, வீடு நடந்தா போயிரும்?" என்று மொக்கையன் கேட்டபோது ஒச்சம்மாள் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"எங்கப்பன் கட்டுன வீடு. ஒங்கப்பன் வீடுன்னா இந்தப் பேச்சு வருமா?"

"எங்கப்பனுக்கு வீடு இருந்தா நான் ஏன் மாமனார் வீட்டுல கெடக்கேன்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

மொக்கையன் போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டுகிறவன். ஏலக்காய் எடுக்க மலையேறும் சனம் குடியிருக்க வீடு கேட்டு அலைவதை அன்றாடம் பார்க்கிறவன். ஊரோரம் சும்மா கிடக்கும் தங்கள் மனையில் வரிசையாக நாலு வீடு கட்டிப் போட்டால் ஆயுசுக்கும் வாடகை வரும் என்பது அவன் எண்ணம். கட்டுவதற்குக் காசு? அந்த மனையை விட்டால் அவர்களுக்கென்று இருந்தது இந்த வீடு ஒன்றுதான். அடமானம் வைத்தால் வட்டி ஏறும். ஒத்தி என்றால் வட்டியில்லை. வருகிறவர்கள் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் இருப்பார்கள். கெடு முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்க வேண்டும்.

"கெடுவுக்கு வந்து பணத்தைக் கேப்பாகள்ல? செங்கலைப் பேத்தா குடுப்ப?"

"வாடகையச் சேத்து வச்சுக் குடுக்குறது."

"யாரு, நீயா? ஒன் ஜீப்பு டயரு திங்கிறதுக்கே பத்தாது."

மறுநாள் ஏலக்காய்க் கடை சவுகத் அலியின் மனைவி ரசியா வீடு பார்க்க வந்தாள். ஒச்சம்மாள், "அடுப்படி சின்னது, மழைக்கு ஒழுகும்" என்று இருக்கிற குறை, இல்லாத குறை எல்லாவற்றையும் அடுக்கினாள்.

ரசியா சிரித்தாள். "வீட்டுக்காரவுகளே நொட்டை சொல்ற வீட்ட இன்னைக்குத்தாங்க்கா பாக்குறேன்."

பிறகு, ஒச்சம்மாளின் அப்பன் படம் தொங்கிய ஆணியைத் தொட்டுப் பார்த்து, "நாங்க ஆணி அடிச்சுக்கலாமா?" என்றாள்.

"இதென்னத்தா கேள்வி?"

"நான் ஏறி எறங்காத வாடகை வீடு இல்லக்கா. 'சுண்ணாம்பு உதிரும், ஆணி அடிக்காத'ன்னு சொல்லாத மவராசியும் இல்ல. எங்கம்மா குடுத்த மக்கா படம் இன்னும் பெட்டிக்குள்ளதான் கெடக்கு."

ஒச்சம்மாள் அப்பன் படத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஆணி அடிக்க அவள் யாரையும் கேட்டதில்லை.

அன்று சோறு போடும்போது சொன்னாள்: "சரிய்யா, விடுவோம். ஆனா வாடகை என் கைக்கு வரணும். அது அவுகளுக்குத் திருப்பிக் குடுக்குற காசு, ஜீப்புக்குச் சல்லி கெடையாது. நாலு வீட்டுல ஒண்ணு நமக்கு."

"அப்ப மூணு வாடகைதான வரும்? சிலமலையில ஒங்கண்ணன் வீட்டுல இருந்துக்கிட்டா..."

"எங்க மதினி கையால ஒரு வாரம் தின்னு பாரு. அப்புறம் பேசு."

ரசியா முன்னதாகவே கொடுத்த ஒத்திப் பணத்தில் நாலு வீடும் எழும்பின. குடிமாறிய அன்று ஒச்சம்மாள் அப்பன் படத்தை மட்டும் கழற்றிக்கொண்டாள். "ஆணி கெடக்கட்டும் ரசியா, ஒனக்குத்தான்."

புது வீடுகளில் பூச்சு வாசம் அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்கு ராசிங்காபுரத்துப் பொன்னுமணி குடிவந்தாள். வந்ததும் வராததுமாக ஒரு கையில் சாமி படமும் இன்னொரு கையில் கல்லுமாக நின்றாள்.

"அக்கா, ஒரே ஒரு ஆணி..."

வீட்டையே கொடுத்துக் கட்டிய சுவர். 'உதிரும்டி' என்ற சொல் ஒச்சம்மாளின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

"கல்லால அடிக்காதடி, காரை பேந்துரும். இரு, சுத்தியல் கொண்டாறேன்."

ஜீப்பை நிறுத்திவிட்டு வந்த மொக்கையன் சத்தம் கேட்டுப் பதறினான். "யாரு புள்ள நம்ம சொவத்தப் போட்டு இடிக்கிறது?"

"குடியிருக்கவுகய்யா," என்றாள் ஒச்சம்மாள். "நீ கைகால் கழுவு."