கலிமாவின் நாற்பது மீன்கள்

மீன்களைப் பிரித்து விட்டது நான்தான். வேறு யார் மேலும் பழி போட வேண்டாம்.

என் மனைவி கலிமா எங்கள் மீன் பண்ணையில் கண்ணாடித் தொட்டிக்குள் மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டு, மூன்று வருடமாக ட்ரவுட் மீன்களின் வாலடியை எண்ணிக்கொண்டிருந்தவள். தனியாக எதிர்த்து நீந்தும்போது நூறு தடவை வாலடிக்கிற மீன், கூட்டத்தோடு என்றால் எண்பதிலேயே சமாளித்துவிடும் என்பாள். முன்னே போவதன் வால் கிளப்பும் சுழலில் பின்னால் வருவதற்கு நிறைய வேலை மிச்சமாம். முன்னே போவதற்கும் கொஞ்சம் லாபமாம். நான் இசிக்குல் ஏரிக்கரையிலேயே வளர்ந்தவன். தொட்டியில் எண்ணுகிறவள் எனக்கு ஆற்றைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டாளே என்று எரிச்சல் எரிச்சலாக வரும்.

போன இலையுதிர் காலத்தில் நோய் முற்றி அவளை பிஷ்கெக் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இன்னும் சில வாரம்தான் என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். அவள் வளர்த்த நாற்பது மீன்களும் முட்டையிட ஆற்றை எதிர்த்து ஏற வேண்டிய நேரம் அது.

"எசென், நாப்பதையும் ஒரே எடத்துல விடு. பிரிச்சுடாதய்யா. பாலத்தடி இழுப்புல தனியா ஏற மாட்டாதுங்க," என்றாள் போனில்.

"சரி சரி, நீ மாத்திரையப் போடு."

எனக்குத் திருட்டு வலைக்காரர்கள் பயம். முந்தின வருடம் ஒரே இடத்தில் விட்டதை ஒரே வீச்சில் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் பாலத்துக்குக் கீழே ஆற்றங்கரையோரம் நாற்பது இடங்களில் ஒவ்வொன்றாக விட்டேன்.

"அண்ணே, அக்கா சேத்து விடச் சொன்னாங்களே," என்றான் லாரி ஓட்டி வந்த தோகோன்.

"ஒன் வேலையப் பாருடா."

மறுநாள் காலை ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் மதகின் கம்பித் தடுப்பில் செத்து ஒட்டிக் கிடந்தன. பாலத்தடியில் ஏற முடியாமல் களைத்து, தண்ணீர் இழுத்த இழுப்புக்கு வந்தவை. முப்பத்தேழு. வலைக்காரன் எவனும் வரவேயில்லை. பாவி நான், அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

அப்போதுதான் கலிமா போனில் கூப்பிட்டாள்.

"ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு."

"எல்லாமா?"

"எல்லாந்தான். கூட்டமாப் போச்சு."

அவள் மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"இருவது வருசத்துல இன்னைக்குத்தான்யா நீ என் பேச்சக் கேட்டிருக்க," என்றாள்.