ஜலஜாக்ஷி பதில் சொல்லும்வரை

1

பாம்... பாஆம்!

இந்தக் கதை பிறந்தது இந்த ஹாரன் சத்தத்தில்தான். குந்தாபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்று கத்தியது. வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த தொடரை அப்படியே போட்டுவிட்டு இதைத் தொடங்கினேன்.

அந்த வீட்டு ரத்னாகரின் இரண்டாவது மகள் அனுஷாவுக்கு நிச்சயதார்த்தம். வேன் பைந்தூர் மண்டபத்துக்குப் போகிறது. எல்லோரும் ஏறியாயிற்று. வாசற்படியில் ரத்னாகரின் தங்கை ஜலஜாக்ஷி நிற்கிறாள். அவளுக்கும் போக வேண்டும். கதை இவ்வளவுதான்.

2

ஜலஜாக்ஷிக்கு மனச்சிதைவு நோய். இதை எழுதியதுமே பேனா தானாக ஓடியது: 'அவள் காதுக்குள் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு...'

[அடித்துவிட்டேன். நீங்கள் குரல்களை எதிர்பார்ப்பீர்கள், தெரியும். மாத்திரையில் அவை அடங்கிப் பல வருஷமாகிறது. இன்று அவளைத் தடுப்பது அவை இல்லை.]

சரி, ஆசையையாவது எழுதுவோம். 'அவள் கண்கள் பளிச்...' இல்லை. 'உதடுகள் துடி...' அதுவும் இல்லை. வாரப் பத்திரிகைக்காரன் கைவசம் வைத்திருக்கும் எந்தச் சாமானும் இந்த முகத்துக்குப் பொருந்தவில்லை. உள்ளே என்ன பொங்கினாலும் முகம் அசையாது. கேட்ட கேள்வி உள்ளே போய்ப் பதிலாகத் திரும்பி வர நேரம் பிடிக்கும்.

அதனால் அவள் செய்ததை மட்டும் சொல்கிறேன். விடிந்ததுமே பட்டுப்புடவையை எடுத்தாள். கொசுவம் வைத்தாள். அடுத்து என்ன என்பது நழுவியது. அவிழ்த்தாள். மறுபடி முதலிலிருந்து. ஹாரன் கேட்டதும் பழைய சேலையோடு, புதுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

3

"ஜலஜா, நீயும் வர்றியா?" ரத்னாகர் வேனிலிருந்து தலையை நீட்டிக் கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க! அவ மூஞ்சில ஆசை எங்கயாவது தெரியுதா?" என்றாள் அவர் மனைவி சுகந்தி. "பாவம், விடுங்க. நீர்தோசை மூடி வச்சிருக்கேன். எதிர்வீட்டு லீலக்கா வந்து பார்த்துப்பாங்க."

"அண்ணே, மாப்பிள்ளை காத்திருப்பாரு. என் இன்ஜின் காத்திருக்காது" என்றான் டிரைவர் உமேஷ்.

"நீ சும்மா இருடா!" என்ற ரத்னாகர் தங்கையின் கையைப் பார்த்தார். செருப்பு.

4

இரண்டு முடிவுகள் தயாராக இருக்கின்றன.

(அ) வேன் போகிறது. அவள் செருப்பைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கிறாள். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிதம் போடுவீர்கள்.

(ஆ) அண்ணன் குதித்திறங்கி, தங்கையைக் கைபிடித்து ஏற்றுகிறார். சுபம். ஆனால் அதுவும் அவளுக்காக இன்னொருவர் சொன்ன பதில்தானே?

இரண்டையும் கிழித்தாயிற்று. வேன் கிளம்பியதா, நின்றதா என்பது உங்கள் பாடு. ஒன்று மட்டும் கேட்கிறேன். அவள் வாய் திறக்கும்வரை பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

...

[இன்னும் கொஞ்சம்.]

...

"மூத்தவ கல்யாணத்தப்பவும் வர்றேன்னுதான் சொன்னேன், அண்ணா. அதுக்குள்ள வண்டி போயிருச்சு."