நான்கு செம்பாணிகள்

1992ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், குருநகரிலுள்ள எங்கள் கத்தோலிக்கக் கோவிலின் பாடகர் குழுச் செயலாளர் கிறிஸ்துநாயகம் என் தந்தையாரைக் கள்வர் என்று எழுதினார். நூற்றாண்டு மலருக்கான அக்கட்டுரையை, பாடசாலைக் கொப்பித் தாளிலிருந்து, மண்டபத்தில் எல்லோரும் கேட்க வாசித்தார்.

கோவிலின் டபுள் பேஸ் ஆளுயரத்திற்கும் மேற்பட்ட நரம்பு வாத்தியமாகும். அதைக் கொண்டுவந்த ஐரோப்பியக் குருவானவரின் கையளிப்புக் கடிதத்தில், செய்தவர் பெயர் 'மத்தியாஸ் ஹோல்ட்னர், 1874' எனக் காணப்படுகிறது. 1951இல் மழையில் நனைந்து பின்பலகை பிளந்த அவ்வாத்தியத்தைத் திருத்தியவர், வள்ளம் கட்டும் தச்சராகிய என் தந்தையார் சூசை. அவர் அசலைக் களவாடிவிட்டுப் போலியொன்றைச் செய்து வைத்தார் என்பதே கட்டுரையின் முடிபு.

"பின்பலகை வேம்பு. வெள்ளைக்காரன் வேப்பமரத்திலையோ வாத்தியம் செய்தவன்?" என்றார் கிறிஸ்துநாயகம். "செய்தவன் உள்ளுக்கு ஒட்டுற பெயர்ச்சீட்டும் இல்லை. உன்ரை கொப்பர் வள்ளம் கட்டின கையாலை இதையும் கட்டிப்போட்டார், யாகப்பு."

"என்ரை ஐயாவைப் பற்றிக் கதைக்க முதல் நீர் வடிவாய்ப் பாத்தனீரோ?"

"பாத்தனான். வேணுமெண்டால் நீயும் பார். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கிறன்."

போரினால் பற்றரிக்குத் தடை இருந்த காலமாதலால் ரோச் விளக்கு எரியவில்லை. அவ்வாத்தியத்தை வாசிப்பவரான அற்புதராணி ரீச்சர் முற்றத்து வெயிலில் முகக்கண்ணாடியைச் சாய்த்து, முன்பலகைத் துளை வழியே ஒளியை உள்ளே பாய்ச்சினார். சீட்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வேம்பு தெரிந்தது.

"கண்டியோ? இனி வாயைப் பொத்து" என்று கிறிஸ்துநாயகம் சிரித்தார். சூழ நின்றவர்களும் சிரித்தனர்.

அச்சிரிப்பினிடையே எங்கள் வள்ளத் தொழில் வழக்கம் ஒன்று என் நினைவுக்கு வந்தது. வள்ளத்தின் பதிவிலக்கம் செதுக்கிய பலகை உக்கி அழிந்தால், நாங்கள் பலகையை எறிவோம், இலக்கத்தை எறியமாட்டோம். அத்துண்டை அறுத்தெடுத்து, அணியத்தின், அதாவது வள்ளத்து முன்தலையின், உட்புறத்தில் செம்பாணியால், அதாவது செப்பு ஆணியால், அறைவோம். இலக்கம் உள்ளவரை அது அதே வள்ளமே.

"ரீச்சர், மேலை பாருங்கோ. கழுத்துப் பூட்டின மூலை. அதுதான் உதின்ரை அணியம்."

"விசரா, இது வள்ளமில்லை!" என்றார் கிறிஸ்துநாயகம்.

"என்ரை ஐயாவுக்கு எல்லாம் வள்ளந்தான்."

ரீச்சர் கண்ணாடித் துண்டொன்றைக் கம்பியில் கட்டி நுழைத்து, மேல்நோக்கித் திருப்பினார்.

"உள்ளங்கையளவு பலகைத்துண்டு... நாலு செம்பாணி. துண்டின்ரை மேலை சீட்டு. பொறுங்கோ, எழுத்து இடம் வலம் மாறித் தெரியுது... ஹோல்ட்னர். ஆயிரத்தெண்ணூற்றி எழுபத்துநாலு."

"சீட்டுத் துண்டை அசலிலை இருந்து வெட்டிப் போலிக்குள்ளை அறைஞ்சிருப்பான்!"

"ஏமாத்திறவன் சீட்டைக் கண்ணுக்கு முன்னாலை ஒட்டுவான், செயலாளர். ஒருத்தரும் காணாத மூலையிலை ஏன் அறையிறான்?"

"பக்கத்து விலாப்பலகையும் உந்தத் துண்டும் ஒரே மரம்" என்றார் ரீச்சர். "அது எங்கடை ஊர் மரமில்லை. பின்பலகை மட்டுந்தான் மாத்தியிருக்கு."

சூழ நின்றவர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து துளைக்குள் பார்த்தனர்.

"வாத்தியத்துக்கு ஆணி அடிச்ச மடையன்!" என்று கத்திய கிறிஸ்துநாயகம், தாளில் 'களவாடினார்' என்பதை வெட்டி, 'பழுதாக்கினார்' என்று எழுதினார். "இப்ப திருப்தியோ?"

"ஓம். அதை நீர் எழுதும். எத்தினை ஆணி, எந்த இடத்திலை எண்டும் எழுதும். ஆணியைத் தேடிப் பாக்கிறவன் சீட்டையும் காண்பான்."

அவர் பேனையை மூடினார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடியும் பேனையைத் திறந்து, கழுத்து மூலையில் செம்பாணி நான்கு என்று எழுதும்வரை நான் அவ்விடத்தைவிட்டு அகலவில்லை.