முன்னிலை

முன்னிலை என்றால் முக்கால் வெற்றி என்றுதான் கார்மேகத்துக்குத் தெரியும். அவனுடைய சிவகங்கைப் பக்கம் இரண்டு சுற்று எண்ணி முடிப்பதற்குள் வெடியைக் கொளுத்திவிடுவார்கள். பிறகு தோற்றால் தோற்றதுதான். முந்திக் கொண்டாடியதற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போனதில்லை.

துபாய்ப் பக்கம் ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி கேம்ப்பில் அவனோடு ஒரே ரூமில் இருந்தவன் யஹ்யா. ஆப்பிரிக்காவை ஒட்டிய ஒரு தீவு நாட்டுக்காரன். அன்று அங்கே அதிபர் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை. யஹ்யாவின் தம்பி எதிர்க்கட்சிக்கு பூத் ஏஜென்ட். “நாம் முந்துகிறோம்” என்று தம்பி அனுப்பியிருந்தான். அதைக் கேட்டதும் கார்மேகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

“அப்புறமென்ன பாய், மூஞ்சியச் சிரிச்சாப்ல வையி.”

“இன்னும் அறிவிக்கல பாய். எண்ணி கலாஸ் ஆகட்டும்.” இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்திதான்.

“சிரிக்கிறதுக்கும் நாள் பாப்பீகளோ?”

அதே ரூமில் இருந்த சோலையப்பன் கட்டிலில் கிடந்தபடியே, “அவன் கட்சி ஜெயிச்சா ஒனக்கு மந்திரி பதவியாடா?” என்றான்.

கார்மேகம் கேட்டால்தானே. அந்தக் கட்சிக்குப் பச்சை நிறமாம். எங்கிருந்தோ ஒரு பச்சைத் துண்டைப் பிடித்துவந்து போர்த்தி, யஹ்யாவின் வாயில் லட்டைத் திணித்து, வீடியோ எடுத்து டிக்டாக்கில் ஏற்றினான். யஹ்யாவும் சிரித்துவிட்டான். பாவம், சிரித்து எத்தனை நாளாயிற்றோ.

மறுநாள் ஆளுங்கட்சியே ஜெயித்ததாக அறிவித்தார்கள். தீவில் ஊரடங்கு. அறிவிப்புக்கு முன் வெற்றி கொண்டாடுவது அந்த ஊரில் கலகத்துக்குச் சமம். வீடியோ அதற்குள் ஊரெல்லாம் சுற்றியிருந்தது. அண்ணனுக்குப் பொய் முடிவை அனுப்பிப் பரப்பினான் என்று தம்பியைப் பட்டாளத்தார் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கார்மேகம் வீடியோவை அழித்தான். அழித்து என்ன செய்ய, சிந்திய பாலை அள்ள முடியுமா.

யஹ்யாவின் அம்மா போனில் அழுதாள். ஜெயித்த தலைவரை யஹ்யா வாழ்த்தி இன்னொரு வீடியோ போட வேண்டுமாம். அப்போதுதான் பிள்ளையை விடுவார்களாம்.

யஹ்யா ஒரு வார்த்தை வையவில்லை. “நீயே எடு பாய்” என்று சுவரோரம் போய் நின்றான். வாழ்த்து வாயிலிருந்து வந்தது, முகம் வரவில்லை. கார்மேகம்தான் சொல்ல வேண்டியிருந்தது: “இன்னும் கொஞ்சம் சிரிக்கணும், பாய்.”

தம்பியை விட்டுவிட்டார்கள். அம்மா அவனிடம் போனைக் கொடுத்தாள். யஹ்யா கேட்டுவிட்டுப் போனைக் கட்டிலில் வைத்தான்.

“என்ன சொன்னான்?”

“அந்த வாழ்த்து வீடியோவப் பாத்துட்டானாம்,” என்றான் யஹ்யா. “அவனுக்கு அண்ணனே இல்லையாம்.”