பீரங்கியின் மேல்முறையீடு

அவருக்குப் பீரங்கி என்று பெயர் வந்ததற்கு அவர் பீரங்கிப் படையில் இருந்தது பாதிக் காரணம். மீதிக் காரணம் அவருடைய வாய்.

முன்னாள் படைவீரர் சங்கத்தில் கேரம் பலகையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால், வீட்டில் தன் பிரதாபம் என்னவென்று அளக்கத் தொடங்கிவிடுவார். மனைவி கையெடுத்துக் கும்பிடுவாளாம், போதும் என்று கெஞ்சுவாளாம். கேட்டவர்கள் பெருமூச்சு விட்டு, எதிராளியின் காயைக் குழியில் தள்ளுவார்கள். உண்மையில் அந்த வீட்டில் கட்டில் கிறீச்சிட்டால், அது கட்டிலுக்கு வயதாகிவிட்டதால்தான்.

விஷயம் நடந்தது கல்யாணமான புதிதில். போர்கூட இல்லை. ரேஷன் லாரி ஒன்று வளைவில் குடை சாய்ந்தது. பின்னால் படுத்திருந்த பீரங்கியின் இடுப்பில் உருளைக்கிழங்கு மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கின. முதுகெலும்பின் அடியில் ஏதோ ஒரு நரம்பு நசுங்கியது. கால்கள் பிழைத்தன. மற்றது பிழைக்கவில்லை. நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்குச் சிலை வைக்கிறார்கள். நாட்டுக்காக அதைக் கொடுத்தவருக்கு என்ன வைப்பது என்று எந்த அரசாங்கமும் இதுவரை யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தது அவருடைய மனைவிதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பழி முழுக்க அவள் தலையில். பீரங்கியின் அக்கா வீட்டில் நாலு பேர் கூடினால் அடுப்படி வேலை எல்லாம் அவளுக்குத்தான். "குழந்தையா குட்டியா, உனக்கு வேற என்ன வேலை?" என்பாள் அக்கா. பீரங்கி அந்த நேரம் பார்த்துச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். முப்பது வருஷமாகச் செய்தித்தாள் படித்து நாட்டு நடப்பில் அவர் பெரிய ஞானியாகிவிட்டார்.

மனைவியின் நச்சரிப்பில், பணியில் ஊனமானவர்களுக்கு ராணுவம் கொடுக்கும் ஊனப் படிக்கு விண்ணப்பித்தார். 'வயது காரணமாக இயற்கையாக நேர்ந்தது' என்று தள்ளுபடி ஆனது.

"சரி, போகட்டும் விடு," என்றார் பீரங்கி.

"எதைப் போகட்டும்ங்கிறீங்க? மேல்முறையீடு போடுங்க. எனக்குப் பணம் வேணாம். குறை எங்கேர்ந்து வந்துச்சுன்னு சர்க்கார் முத்திரை குத்திக் குடுக்கட்டும். அதை உங்க அக்காகிட்ட நீங்க உங்க வாயால சொல்லணும்."

"சொல்லிட்டா போச்சு."

"கேரம் போர்டுகிட்ட வர்ற வாய் அக்காகிட்ட வருதான்னு பாப்போம்."

அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

மேல்முறையீட்டுக்கு விபத்தை நேரில் பார்த்த சாட்சி வேண்டும். அன்றைக்கு லாரியின் முன்சீட்டில் இருந்தவன் படைப்பிரிவின் சமையல்காரன். இன்றும் சங்கத்தில் பீரங்கிக்கு வலது கை. அவனிடம் போய், 'இது இதற்கான வழக்கு' என்று சொல்லியிருக்க வேண்டும். பீரங்கி மென்று விழுங்கி, "இடுப்பு வலி கேஸுடா. லாரி கவுந்ததை மட்டும் சொல்லு போதும்," என்றார்.

"உயிரைக் குடுப்பேன்ணே," என்றான் சமையல்காரன். அவன் அப்படித்தான். கேட்டதற்கு மேல் கொடுப்பான்.

விசாரணை அறையில் நீள மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற கர்னல். வார்த்தைகளைக்கூட வரிசையாக நிற்க வைத்து, தூசி தட்டித்தான் வெளியே அனுப்புவார். ஒரு பக்கம் டாக்டர். மறுபக்கம் கோப்பு பார்க்கும் அதிகாரி, யார் தோற்றாலும் அவருக்குச் சந்தோஷம். பீரங்கியும் மனைவியும் எதிரே. சமையல்காரன் இஸ்திரி போட்ட சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வெளியே காத்திருந்தான்.

"மேல்முறையீட்டாளர், பணியின்போது தமது இல்லற ஆயத்தநிலையை இழந்துவிட்டதாகக் கூறுகிறார்," என்று ஆரம்பித்தார் கர்னல்.

"விறைப்புக் கோளாறு சார்," என்றார் டாக்டர்.

"ஆயத்தநிலை என்றே இருக்கட்டும். பெண்கள் இருக்கிறார்கள்."

அந்த ஆயத்தநிலை இல்லாமலே முப்பது வருஷம் குடும்பம் நடத்திய பெண், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

சாட்சியை உள்ளே அழைத்தார்கள். சமையல்காரன் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தான்.

"வண்டி கவுந்துச்சு சார். அண்ணன் மேல மூட்டை மூட்டையா கெடந்துச்சு. வெளிய இழுத்தப்ப இடுப்புக்குக் கீழ உணர்ச்சியே இல்லன்னு அழுதாரு. முதுகுல தூக்கிட்டுப் போனது நான்தான் சார்."

பீரங்கிக்கு மூச்சு வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

"அதன்பின் இவரது ஆயத்தநிலை?" என்றார் கர்னல்.

"என்ன நிலை சார்?"

டாக்டர் பச்சையாகச் சொன்னார். சமையல்காரன் முதலில் சிரித்தான். பிறகு முகம் சிவந்தான்.

"எந்தக் கழுதை சார் இப்படி எழுதினது? யாரைப் பாத்து? எங்க பீரங்கியையா? சங்கத்துல யாரை வேணா கேளுங்க. அண்ணி இருக்காங்களேன்னு பாக்கறேன், இல்லன்னா ஒரு புஸ்தகமே சொல்லுவேன். இடுப்பு வலிக்கு வந்த மனுஷன் சார் இவரு. யாரோ ஆபீஸ்ல மாத்தி எழுதி அசிங்கப்படுத்திட்டாங்க."

கோப்பு அதிகாரியின் பேனா குஷியாக ஓடியது.

கர்னல் பீரங்கியைப் பார்த்தார். "நீங்கள் அழைத்துவந்த சாட்சியே உங்களை மறுக்கிறார். என்ன சொல்கிறீர்கள்?"

ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். வழக்கு போகும், மானம் நிற்கும். சமையல்காரனின் கண்ணில் நட்பு தளும்பிக்கொண்டிருந்தது. அதைவிட நல்ல சான்றிதழ் இனி எந்த ஜென்மத்திலும் கிடைக்காது. பீரங்கி பழக்கதோஷத்தில் மேஜைமேல் செய்தித்தாள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். இல்லை. பக்கத்தில் மனைவி கைப்பையின் ஜிப்பை இழுப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அக்கா வீட்டு அடுப்படியில் அவளுக்கு இருக்கும் முகம் அது. செய்தித்தாள் மறைக்காமல் அவர் அதைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எழுந்து நின்றார்.

"அவன் பொய் சொல்லல சார். நான் சொன்ன பொய்யைத் திருப்பிச் சொல்றான். லாரி கவுந்த நாள்லேர்ந்து அது எழுந்திருக்கல."

"ஆயத்தநிலை என்று..."

"ஆயத்தமும் இல்ல, நிலையும் இல்ல சார். ஒரு தடவைகூட எழுந்திருக்கல."

சமையல்காரன் பதக்கங்களோடு நாற்காலியில் சரிந்தான்.

கர்னல் கோட்டையைப் பிடித்தவர் மாதிரி பின்னால் சாய்ந்தார். "ஆக, முப்பது ஆண்டுகளாகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவர் இன்று சொல்வது மட்டும் உண்மை என்று இந்தக் குழு எதை வைத்து நம்புவது?"

மனைவி ஜிப்பை மூடினாள்.

"நான் ஒண்ணு சொல்லலாமா சார்? இந்த விஷயத்துல ஆம்பளைங்க பொய் சொல்லுவாங்க, ஒத்துக்கறேன். ஆனா எல்லாரும் ஒரே பக்கமாத்தான் சொல்லுவாங்க. முடியாததை முடியும்னு சொல்ற ஆளுங்க நிறைய. முடியறதை முடியாதுன்னு, அதுவும் கூட்டாளியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, எழுந்து நின்னு சொன்ன ஒரு ஆம்பளையை நீங்க பாத்திருக்கீங்களா? மூணு பேரும் விவரம் தெரிஞ்சவங்க. உங்களுக்குள்ளயே கேட்டுப் பாருங்க."

மூன்று பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் கண்ணில் ஒருவர் படாமலிருக்க அவர்கள் பட்ட பாடு பரிதாபமாக இருந்தது. டாக்டர் ஜன்னலைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மூடினார். கர்னல் தண்ணீர் குடித்தார். டம்ளர் காலியான பிறகும் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊனம் பணியால் நேர்ந்ததே," என்றார் கடைசியில். "உத்தரவு தபாலில் வரும்." ஆயத்தநிலையைப் பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் வேறு வழக்குகளுக்காக ஒரு பட்டாளமே காத்திருந்தது. சமையல்காரன் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, அப்ப அந்த ரயில் கதை?"

"கப்சா."

"மொட்டைமாடி?"

"அதுவும்தான்."

"அதையெல்லாம் கேட்டுட்டு, நமக்கு இவ்வளவுதானான்னு நான் டாக்டர்கிட்டல்லாம் போனேண்ணே. மாத்திரை வேற சாப்பிட்டேன். வயித்தெரிச்சல்தான் மிச்சம்."

பீரங்கி மனைவி பக்கம் திரும்பினார். "உத்தரவு தபால்ல வந்ததும் அக்காகிட்ட..."

அவள் மறுபடி ஜிப்பில் கை வைத்தாள்.

அவர் செல்போனை எடுத்தார்.

"என்னடா, இடுப்புக்கு எவ்வளவு குடுத்தானுங்க?" என்றாள் அக்கா. அவளுக்குக் காது மந்தம், ஆகவே குரல் கணீர்.

"இடுப்பு இல்லக்கா. புள்ளை இல்லாததுக்குக் காரணம் நான்தான். அவ இல்ல. கல்யாணமான புதுசுலயே எனக்கு எல்லாம் போச்சு."

"போடா. அவளைக் காப்பாத்தக் கதை விடறியா? உன்னைப் பத்தி சங்கமே பேசுதாமே, எனக்குத் தெரியாதா?"

பீரங்கி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு போனைச் சமையல்காரனிடம் நீட்டினார். "நீயே சொல்லுடா."

சமையல்காரன் எழுந்து பதக்கங்களைச் சரிசெய்துகொண்டான். காது மந்தம் என்பதால் தொண்டையைத் திறந்தான்.

"அக்கா, நான் சத்தியமா சொல்றேன். உங்க தம்பியால ஒண்ணும் ஆகாது. சுத்தமா ஆகாது. லாரில நான் இருந்தேன். அன்னிக்கே முடிஞ்சு போச்சு. சர்க்காரே ஒத்துக்கிச்சு. யார் வந்து கேட்டாலும் சொல்லுவேன், பீரங்கியால ஆகவே ஆகாது."

தாழ்வாரத்தில் ஊன்றுகோல்கள்கூட அசையவில்லை. பீரங்கி தரையில் பிளவு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று பதறிக் குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"போதும் தம்பி, குடுங்க. அவரும் பாவம்." போனை வாங்கிக் காதில் வைத்தாள். "அண்ணி, நான்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு வரோம். மூணு பேர். நீங்களே ஆக்கிடுங்க."