கொடி இறங்காத ஆறரை மணி நேரம்

மிஸ் டாரன்ட் என்னைத் தேடி கோஸ்போர்ட் படகுத்துறைக்கு வந்தபோது நான் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்து ஏழு வருடம். கடற்படையிலிருந்து வந்த நாள் முதல் அந்தப் படகில்தான் வேலை. போர்ட்ஸ்மத்துக்குப் போவது, திரும்புவது, மறுபடி போவது. உட்கார்ந்து செய்கிற வேலை எதுவும் எனக்கு ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

"நீங்கதான மிஸ்டர் ட்ரெம்லெட்? ஹெஸ்டியா கப்பல்ல சிக்னல் சீஃபா இருந்தவர்?"

"இருந்தேன். ஏறுங்க, படகு கிளம்புது."

லண்டனில் போர் வரலாறு எழுதும் அலுவலகம் ஒன்றில் அவளுக்கு வேலை. எங்கள் குரூசர் போர்க்கப்பல் அணியின் வரலாற்றை முடித்துவிட்டாளாம். கடைசிப் பக்கத்தில் அணித் தளபதிகளின் பட்டியல் மட்டும் பாக்கி. மொத்தம் ஒன்பது பேர். எட்டாவது பெயரில் இடிக்கிறது என்றாள்.

"அட்மிரல் கார்ஸ்லேக் செத்தது காலைல ஒன்பது நாப்பதுன்னு டாக்டர் எழுதியிருக்கார். பத்தேகாலுக்கு அவர் பேர்ல ஒரு உத்தரவு போயிருக்கு. அப்புறம் நாலு மணி வரைக்கும் பதினோரு உத்தரவு. எப்படி?"

"டாக்டரோட கடிகாரம் தப்பா ஓடியிருக்கும்."

"அதே கடிகாரத்தப் பாத்துதான் அன்னிக்கு உங்க கப்பல்ல செத்த மத்த பதினேழு பேருக்கும் நேரம் போட்டிருக்கார். அதெல்லாம் சரியா இருக்கே."

அந்த உத்தரவுகள் எல்லாவற்றையும் சிக்னல் விளக்கை மினுக்கி மற்ற கப்பல்களுக்கு அனுப்பியது நான்தான். இவளோ படகு மூன்று முறை அக்கரை போய்த் திரும்பியும் இறங்குவதாக இல்லை. நான்காவது முறை சொல்லிவிட்டேன்.

கிரீட் தீவுக்குத் தெற்கே நடந்தது அது. காலையிலேயே எங்கள் அணியின் கால்டன் கப்பலை எதிரி விமானங்கள் மூழ்கடித்துவிட்டன. நானூறு பேர் தண்ணீரில் கிடந்தார்கள். நின்றால் மற்ற கப்பல்களும் போய்விடும் என்று அட்மிரல் எங்களைத் தெற்கே திருப்பினார். கொஞ்ச நேரத்தில் அவர் இருந்த எங்கள் ஹெஸ்டியாவின் மேல்தளத்தின் அருகே குண்டு விழுந்து, ஒரு இரும்புச் சில்லு அவர் கழுத்தில் பாய்ந்தது. ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இறந்துபோனார்.

அட்மிரல் இறந்தால் அடுத்த மூத்த கேப்டன் அணியை ஏற்க வேண்டும். அவர் டன்மோர் கப்பலின் கேப்டன் ஓக்லி. எங்கள் கேப்டன் லான்யன் அவருக்கு இளையவர். அட்மிரல் கப்பலில் இருப்பதைக் காட்டப் பறக்கும் அவர் கொடியை இறக்க நான் கையை வைத்தேன்.

"விடு அத," என்றார் லான்யன்.

"சார், டன்மோருக்குச் சொல்லியாகணும்."

"சொன்னா ஓக்லி என்ன பண்ணுவான்? போட்ட உத்தரவுப்படி தெற்கேதான் போவான். பின்னாடி நம்ம பசங்க தண்ணிய குடிச்சிட்டு கெடக்கறானுங்க. அட்மிரல் பேர்ல அனுப்பு. எல்லாரும் திரும்பணும்."

அனுப்பினேன். திரும்பினோம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை மேலே இழுத்தோம். இரண்டரைக்கு விமானங்கள் மறுபடி வந்தன. டன்மோரின் பின்பக்கத்தில் குண்டு விழுந்து நாற்பத்தாறு பேர் இறந்தார்கள். விமானங்கள் எட்டாத தூரத்துக்கு வந்தபின், நாலு மணி பத்து நிமிடத்துக்கு, அட்மிரல் இப்போதுதான் இறந்தார் என்று ஓக்லிக்குச் செய்தி அனுப்பினோம்.

மிஸ் டாரன்ட் நோட்டை மூடினாள். "வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். பொய்ய என்னால போட முடியாது. லான்யன் கிட்ட யார் சொல்றது?"

மறுநாள் பீட்டர்ஸ்ஃபீல்டுக்கு ரயிலேறினேன். பெட்டியில் இடம் இருந்தும் கதவருகே நின்றே போனேன். லான்யன் தோட்டத்தில் கோழிக்கூட்டுக்குக் கம்பி வலை அடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடித்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, கோட்டை எடுத்து மாட்டினார்.

"புத்தகத்துல படிச்சு ஓக்லி தெரிஞ்சுக்கக் கூடாது. வா, போலாம்."

"இப்பவேவா சார்?"

"பதினோரு வருஷம் லேட்டு, ட்ரெம்லெட்."

ஓக்லி வின்செஸ்டரில் இருந்தார். கதவைத் திறந்தவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே லான்யன் எல்லாவற்றையும் சொன்னார். நாற்பத்தாறு பேர் என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார். நான் சரளைக் கல்லில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றார் ஓக்லி.

"எப்படி?" என்றார் லான்யன்.

"கார்ஸ்லேக் யாருக்காவது காரணம் சொல்லிப் பாத்திருக்கியா? திரும்புன்னா திரும்பு, அவ்வளவுதான். அன்னிக்கு வந்த சிக்னல்ல 'நம்ம ஆளுங்கள விட்டுட்டுப் போக முடியாது'ன்னு இருந்துச்சு. அட்மிரல் நல்லா இருக்காரான்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டா முடிவு என் தலைல விழும். திரும்பறதா, விடறதா? எனக்குத் தைரியம் இல்ல. கேக்காம உன் பின்னாடி வந்தேன்."

"உன் ஆளுங்க செத்தது என்னால."

"நீ திருப்பின. நான் கண்ண மூடிட்டு வந்தேன். உள்ள வா, வாசல்ல நின்னு என்ன பேச்சு?"

அங்கேயே மிஸ் டாரன்டுக்கு இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் சாட்சியாகப் போட்டேன்.

புத்தகத்தில் எட்டாவது பெயருக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவே ஒரு வரி வந்தது. சட்டப்படி கேப்டன் ஓக்லி. நடைமுறையில் கேப்டன் லான்யன். ஆறரை மணி நேரம். மேலிடத்திலிருந்து லான்யனுக்குக் கண்டனக் கடிதம் வந்தது. கால்டனில் பிழைத்தவர்களிடமிருந்து ஒரு சாக்கு நிறையக் கடிதங்கள் வந்தன. டன்மோர் குடும்பங்களிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று. சவுத்தாம்ப்டனில் இருந்த மிசஸ் பிளண்டல் எழுதியிருந்தாள். அவள் மகன் அந்த நாற்பத்தாறு பேரில் ஒருவன். 'நேரில் வந்து சொல்லுங்கள்' என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை.

லான்யனோடு நானும் போனேன். அவர் உள்ளே போனார். நான் தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தார்.

"என்ன சார் சொன்னாங்க?"

"மன்னிக்க முடியாதுன்னாங்க." தொப்பியை மாட்டிக்கொண்டார். "டீ குடுத்தாங்க. அவன் போட்டோவ எல்லாம் ஒவ்வொண்ணா காட்டினாங்க. அடுத்த மாசமும் வரச் சொல்லியிருக்காங்க."

"போவீங்களா?"

"போகாம?"

ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியில் அந்தப் பையனின் பெயர் ஆல்ஃப்ரெட் என்றும், அவனுக்கு மீன் வாடையே ஆகாது என்றும் லான்யன் என்னிடம் சொன்னார்.