வேதும் ஊசியும்

ஊசி போட்ட மறுநாள் ஜுரம் வரும், மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்புவார். வாராவாரம் அப்படித்தான் வரும். மாத்திரைக்கு அடங்கும். மத்தியானத்துக்குள் ஜெயசீலி எழுந்து உலை வைத்துவிடுவாள். அந்த வாரம் மட்டும் அடங்கவில்லை. காலை எட்டு மணி ஆகியும் பல் அடித்துக்கொள்ள நடுங்கிக்கொண்டே கிடந்தாள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகவேண்டிய அவள் புருஷன் அருள்தாஸ் அவள் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தான்.

"இன்னாடி இது, கோழிக்குஞ்சு மாதிரி சுருண்டு கீறே?" என்று கேட்டுக்கொண்டே கன்னியம்மாள் உள்ளே வந்தாள். பக்கத்து வீட்டுக்காரி. அண்ணனூர் ரயில் ஷெட்டுக்குப் பின்னாலிருக்கும் அந்த வரிசை வீடுகளில் யாருக்குத் தலைவலி வந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பாள். மகள் பிரசவத்துக்குப் பூந்தமல்லி போய், மாசக்கணக்கில் அங்கேயே இருந்து பேத்தியைக் குளிப்பாட்டி எல்லாம் முடித்து, முந்தாநாள்தான் திரும்பியிருந்தாள். ஊசி சமாசாரம் அவளுக்குப் புதுசு.

"ஊசி போட்ட ஜுரம்க்கா. தானா போயிடும்" என்றான் அருள்தாஸ்.

"தானா போறதுக்கு அது இன்னா வந்த விருந்தாளியா? வேது புடிச்சா வேர்த்து ஊத்தி எறங்கிடும். எழுந்திரு அருளு, ரயில் ரோட்டோரம் நொச்சி மண்டிக் கீது, ஒரு கை ஒடிச்சிகினு வா."

ஜெயசீலிக்கு வந்தது ரொம்ப நாள் பேர் தெரியாத நோயாகவே இருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் பட்டன் பார்க்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் ஒரு கண் மங்கியது. கொஞ்ச நாளில் தானாகவே தெளிந்தது. அடுத்த வருஷம் கால் மரத்தது. அதுவும் பாதி தேறியது. போவது போல் போகும், மறுபடி வரும், வருகிற ஒவ்வொரு தடவையும் உடம்பில் எதையாவது எடுத்துக்கொண்டு போகும். மாதா கோவிலில் ஜெபம் வைத்தார்கள். செய்வினை என்று சிலர் சொன்னார்கள். கடைசியில் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் சுசீலா என்ற நரம்பு டாக்டரம்மாதான் தலையை மிஷினுக்குள் விட்டுப் படம் எடுத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். உடம்புக்குக் காவல் இருக்கும் ரத்த அணுக்களே புத்தி கெட்டுப்போய் நரம்பின் மேலுறையைக் கடிக்கின்றன. கடிபட்ட இடம் வீங்கிப் புண்ணாகிறது. ஒயருக்கு மேலே ரப்பர் உரிந்துபோனால் கரண்டு ஒழுங்காகப் போகுமா?

மண்ணூர்பேட்டையில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சலிக்கும் அருள்தாஸுக்கு அது சட்டென்று பிடிபட்டது.

"கம்பெனி வாச்மேனே லேபரைப் போட்டு அடிக்கிறான்னு சொல்லுங்க மேடம்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். ஆனா வாச்மேனை வேலையை விட்டு எடுக்க முடியாது. அப்புறம் திருடனை யார் பார்ப்பாங்க? அவன் கோவத்தை அடக்கணும். அதுக்குப் புது மருந்து வந்திருக்கு. நோயை அடியோட எடுக்காது, கடிக்கிறதைக் குறைக்கலாம். கொஞ்சம் பேருக்குப் போட்டுப் பார்க்கிறோம். நீங்களும் சேர்றீங்களா?"

சேர்ந்தார்கள். சேர்ந்ததிலிருந்து புதுசாக ஒன்றும் வரவில்லை. சுவரைப் பிடித்து நடந்தவள் சுவரை விட்டாள். வலது கால் லேசாக இழுக்கும், அவ்வளவுதான். குழாயடிக்குப் போய் நாலு பேரோடு சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்துவந்தாள். அருள்தாஸ் இதையெல்லாம் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுப் போய்விடுமோ என்று பயம்.

நொச்சித் தழை வந்தது. கன்னியம்மாள் அண்டாவில் தண்ணீர் ஊற்றி, தழையைப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டாள். ஜெயசீலியைப் பலகையில் உட்காரவைத்து, எதிரே அண்டாவை நகர்த்தி, மேலே கம்பளியைப் போட்டு மூடினாள். கதவையும் சாத்தினாள்.

"மூச்ச நல்லா இழுடி. திறக்காதே, திறந்தா பலன் போயிடும்."

"வேகுதுக்கா..."

"வேகட்டும். வேகத்தானே வுக்கார வெச்சது."

கம்பளியை எடுத்தபோது ஜெயசீலி மழையில் நனைந்தவள் மாதிரி இருந்தாள். முகம் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. "பாத்தியா, எப்படி வேர்த்துகீது" என்று கன்னியம்மாள் பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை, எழுந்திருக்கப் போன ஜெயசீலி அப்படியே மடிந்து உட்கார்ந்தாள்.

"இன்னாங்க... காலு எங்க கீதுன்னே தெரியலங்க. கண்ணும் பொகையா கீது."

அருள்தாஸ் அவள் பாதத்தைக் கிள்ளினான். ஒன்றும் தெரியவில்லை என்றாள். இத்தனை மாசம் அடங்கிக் கிடந்த வாச்மேன் மறுபடி தடியைத் தூக்கிவிட்டான். அப்போ அந்த ஊசியும் வேலை செய்யவில்லையா? இதற்கு அப்புறம் நம்பிக்கை வைக்க எதுதான் இருக்கிறது? அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தான். கன்னியம்மாள் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஓடிவந்தாள்.

பிளாட்பாரத்தில் அவன் காதோரம் வந்து கிசுகிசுத்தாள். "வேது புடிச்சத அங்க சொல்லித் தொலைக்காதே. இங்கிலீஷ் வைத்தியம் பாக்கிறப்போ நாட்டு வைத்தியம் பண்ணியான்னு பேரை வெட்டிடுவாங்க. எங்க சம்பந்திய அப்படித்தான் திட்டித் தொரத்தினாங்க."

அருள்தாஸ் தலையாட்டினான். பேரை வெட்டிவிட்டால் இருக்கிற ஊசியும் போய்விடும்.

ரயிலில் வாசல் பக்கமாக அவளை உட்காரவைத்தான். நல்ல காற்று. வில்லிவாக்கம் தாண்டும்போது ஜெயசீலி, "கட்டைவிரலு குறுகுறுங்குது" என்றாள். தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்து அவன் திரும்பிக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்ததை அவள் பார்க்கக்கூடாது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சின்னச் சுத்தியால் முழங்காலைத் தட்டினார். பாதத்தில் ஊசிமுனையை வைத்துக் கேட்டார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்.

"எப்படி ஆச்சு?"

"ஜுரம் மேடம். எழுந்தா, வுழுந்துட்டா. வேற ஒண்ணும் இல்ல" என்றான் அருள்தாஸ்.

டாக்டரம்மாவின் முகம் வாடிப்போனது. "புது அட்டாக்னா அட்மிட் பண்ணணும். இந்த மருந்து உங்களுக்குக் கேட்குதா இல்லையான்னும் யோசிக்கணும்." சொல்லிக்கொண்டே ஜெயசீலியின் தலையைத் தொட்டவர் நிறுத்தினார். "ஜுரத்தோட தலைக்கு ஊத்தினீங்களா என்ன? இவ்வளவு ஈரமா இருக்கு?"

கன்னியம்மாள் மேலே சுற்றும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலிதான் வாயைத் திறந்தாள்.

"வேது புடிச்சோம் மேடம். அதுக்கப்புறம்தான் காலு போச்சு."

"நான்தாம்மா புடிச்சேன்!" கன்னியம்மாள் முன்னால் பாய்ந்தாள். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது. வெட்றதுன்னா எம் பேரை வெட்டுங்க."

"உங்க பேர் என்கிட்ட எங்கம்மா இருக்கு வெட்றதுக்கு?" டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாடின முகம் மாறியிருந்தது. "கம்பளி போட்டு மூடியா? கதவையும் சாத்தியா? வெளியே வந்தப்புறம் கால் கொஞ்சமாவது தேறிச்சா?"

"ரயில்ல காத்து பட்டதும் வெரலு குறுகுறுன்னுது. இப்போ முட்டி வரைக்கும் தெரியுது."

"நல்லதும்மா. கேளுங்க. ஏற்கெனவே உரிஞ்ச ஒயர் இல்லையா, அதுல சூடு ஏறினா இருக்கிற கரண்டும் நின்னுடும். சூடு எறங்கினா திரும்பி வரும். ஜுரச் சூடு பத்தாதுன்னு நீங்க வேற வேகவெச்சிருக்கீங்க. புதுசா எதுவும் கடிச்ச மாதிரி எனக்குத் தோணலை. எதுக்கும் சாயங்காலம் வரைக்கும் வெச்சுப் பார்ப்போம்."

நர்ஸ் ஈரத்துணி போட்டாள். ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலை நகர்த்தினார்கள். ஜுர மாத்திரை கொடுத்தார்கள். குடிக்க ஐஸ் போட்ட தண்ணீர். கன்னியம்மாள் சும்மா இருப்பாளா? முந்தானையால் விசிறிக்கொண்டே இருந்தாள்.

"போதும்க்கா, காலையில வேகவெச்சே, இப்போ காய வெக்கிறே" என்றாள் ஜெயசீலி. அவள் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா வந்து, காலைத் தூக்கச் சொன்னார். இடது கால் எழுந்தது. வலது கால் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தது. கையால் அழுத்தி, "தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க" என்றார். தள்ளினாள். பக்கத்துச் சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னார். தேதியோடு சேர்த்துக் கீழே பொடி எழுத்தில் இருந்த கடைப் பேரையும் படித்தாள்.

"வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டரம்மா. "ஜுரம் வந்தா மாத்திரை, ஈரத்துணி, ஜன்னலைத் திறந்து வைங்க. அடங்கலைன்னா இங்க கூட்டிட்டு வாங்க. எது பண்ணினாலும் என்கிட்ட மறைக்காதீங்க. நீங்க மறைச்சிருந்தா மருந்து தோத்துப்போச்சுன்னு நான் நிறுத்தினாலும் நிறுத்தியிருப்பேன்."

அருள்தாஸ் கேட்கவேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தான்.

"அப்போ மேடம்... அடுத்த வாரம் ஊசிக்கு வரலாங்களா?"

"வரலாமா இல்லை. வரணும்."

வராந்தா நீளமாகக் கிடந்தது. அவன் முதுகைக் குனிந்து காட்டினான். ஜெயசீலி அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அவன் தோளில் ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு நடந்தாள். அருள்தாஸ் அவள் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தான். போன வாரம் எவ்வளவு இழுத்ததோ அவ்வளவுதான் இழுத்தது. அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை.